பக்கத்திலேயே ஒரு மணல்வெளி: சிம்பாங் ரெங்கம் பெண்களுக்கு இரண்டு நாள் ஓய்வு

மலேசியாவில் பாலைவனம் கிடையாது. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்று கணக்கிடுகிறார்கள். ஜொகூரில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சிம்பாங் ரெங்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனையும் அன்னாசியும்தான். அன்னாசித் தோட்டங்களில் காலடியில் ஈரம் காயாத கரிமண். ஆகவே, தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து மணல்மேட்டில் உட்கார்ந்து பொழுது சாய்வதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதெல்லாம் ஜெய்சல்மருக்கும் துபாய்க்கும் விமானம் ஏறுகிறவர்களுக்கு என்று விட்டுவிடுகிறோம். விட வேண்டியதில்லை. காலையில் ஜொகூர் பாருவில் ஃபெரி ஏறினால் அன்று மாலையே மணலில் கால் வைக்கலாம்.

அந்த இடம் இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் இருக்கும் பூசுங் என்ற கம்பம். அங்குள்ளவர்கள் அதைப் பூசுங் மணல் பாலைவனம் என்றே சொல்கிறார்கள். வெளிறிய மணல் மேடுகள், நடுவே பச்சையும் நீலமும் கலந்த குளங்கள். இயற்கையாக உண்டான பாலைவனம் அல்ல இது. தோண்டி எடுத்தபின் கைவிடப்பட்ட நிலம். சிங்கப்பூர் கடலைத் தூர்த்துத் தன் நிலப்பரப்பைப் பெருக்கிக்கொண்டே வந்த காலத்தில், அதற்கு வேண்டிய மணலில் பெரும்பங்கு பக்கத்திலிருந்த ரியாவ் தீவுகளிலிருந்து போனது. தீவுகள் தேய்வதைப் பார்த்த இந்தோனேசியா 2003இல் கடல் மணல் ஏற்றுமதியையும், 2007இல் நில மணல் ஏற்றுமதியையும் தடை செய்தது. இயந்திரங்கள் போய்விட்டன. குவித்த மண்ணும் தோண்டிய குழியும் மிஞ்சின. குழிகளில் மழைநீர் தேங்கிக் குளமானது.

அருகில் போய்ப் பார்த்தால் இதற்கும் தார் பாலைவனத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படும். ஜெய்சல்மர் பக்கத்தில் மணலைக் குவிப்பது காற்று. அதனால் மேடுகள் வழவழப்பாக, அலை அலையாக இருக்கும். பூசுங்கில் குவித்தது இயந்திரம், செதுக்கியது மழை. மேட்டின் பக்கவாட்டில் விரல் தடிமனிலிருந்து ஆள் நுழையும் அகலம் வரைக்கும் ஓடைகள் அறுத்துக்கொண்டு இறங்குகின்றன. இரண்டு ஓடைகளுக்கு நடுவே கத்தி முனை போல மணல் நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அந்த முனையில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். அடியில் மழை அரித்திருக்கும். மேல் ஓடு மட்டும் கெட்டியாகத் தெரியும்.

சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகச் சொல்வதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை ஆகிறது என்கிறது. பூசுங்கும் இயல்பு கெட்டுப் பாலையான நிலம்தான். கெடுத்தது வெயில் அல்ல, மனிதக் கை. நம் பழைய பாட்டில் பாலை என்றால் பிரிவு: ஆண் பொருள் தேடிப் போவான், பெண் வாசலைப் பார்த்துக் காத்திருப்பாள். பெண்களே கிளம்பிப் போய் அந்த நிலத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பெண்கள் கூட்டமாக வெளியூர் போவது புதிதல்ல. பத்துமலைக்குப் போகிறோம், ஆடி மாதம் அம்மன் கோயில்களுக்கு பஸ் பிடித்துப் போகிறோம். அதற்கு வீட்டில் யாரும் காரணம் கேட்பதில்லை. ஆனால் அங்கேயும் அன்னதானக் கூடத்தில் வெங்காயம் நறுக்குவதும், பிள்ளைகளைக் கூட்டத்தில் தேடுவதும், திரும்பும் வழியில் எல்லோருக்கும் தண்ணீர் போத்தல் எடுத்து நீட்டுவதும் நாம்தான். சாமி கும்பிட்ட நிறைவு கிடைக்கிறது. உடம்புக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஓய்வுக்காக மட்டும் ஒரு பயணம் போகிறேன் என்று சொல்ல நம் பெண்கள் இன்னும் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். இரண்டு நாள் வீடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நாள் பார்ப்பதிலிருந்து தொடங்குவோம். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு. 2014 முதல் வெள்ளி, சனி என்றிருந்தபோது சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்யும் தங்கையோடு ஒரு முழு வார இறுதி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. இப்போது எல்லோருக்கும் ஒரே விடுமுறை. அதில் ஒரு சிக்கலும் உண்டு: சனிக்கிழமை காலை ஜொகூர் பாரு சாலைகளில் நெரிசல் கூடுகிறது. சிம்பாங் ரெங்கத்திலிருந்து நெடுஞ்சாலையில் சுமார் 80 கிலோமீட்டர்தான் என்றாலும், துறைமுகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் புறப்படுங்கள்.

மாதமும் முக்கியம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும். கடல் கொந்தளிக்கும், ஃபெரி குலுங்கும், பூசுங்கில் மணல் ஈரமாகக் கிடக்கும். மார்ச்சிலிருந்து அக்டோபருக்குள் போவது நல்லது. அதிலும் நோன்புப் பெருநாளை ஒட்டிய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். இந்தோனேசியர்கள் சொந்த ஊருக்குத் திரும்பும் காலம் அது, ஃபெரியில் இடம் கிடைப்பது கடினம். சில ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பரில் சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வரும். குழுவில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்த மாதங்களும் வேண்டாம்.

அடுத்தது கடப்பிதழ். மலேசியக் குடிமக்களுக்கு இந்தோனேசியா போக விசா தேவையில்லை, 30 நாள் வரை தங்கலாம். ஆனால் கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். நம் அக்காமார் பலருடைய கடப்பிதழ் தமிழ்நாட்டுக்கோ காசிக்கோ போய்வந்த பிறகு பீரோவுக்குள் காலாவதியாகிக் கிடக்கும். தேதி முடிவு செய்த அன்றே எல்லோரும் அதை எடுத்துப் பார்த்து, முதல் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் ஒருவருக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 200 ரிங்கிட். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 100 ரிங்கிட். இந்தோனேசியாவுக்குள் நுழைய இணையத்தில் ஒரு வருகைப் படிவமும் நிரப்ப வேண்டும். கண்ணாடி தேடும் அத்தைகளுக்குக் குழுவிலுள்ள இளையவர் ஒருவர் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிட்டால், துறைமுகத்தில் பதற்றம் இராது.

ஃபெரி ஜொகூர் பாருவின் ஸ்தூலாங் லாவுட் துறைமுகத்திலிருந்து கிளம்பி பிந்தானிலுள்ள தஞ்சோங் பினாங் போகிறது. கடல் நிலவரத்தைப் பொறுத்து இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். நாளுக்குச் சில நடைகள்தான். நேரம் மாறிக்கொண்டே இருக்கும், எனவே அந்த வாரமே துறைமுகத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். திரும்பும் சீட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வாந்தி வரும் என்பவர்கள் கப்பலின் பின்பாதியில், நடுப்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். அங்கே ஆட்டம் குறைவு. மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஏறிய பிறகு போட்டால் பலன் குறைவு.

கடிகாரத்தில் கவனம் வேண்டும். பிந்தானில் மணி நம்மைவிட ஒன்று பின்னால். போகும்போது ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், வரும்போது அது போய்விடும். கைப்பேசி தானாக மாறும், கைக்கடிகாரம் மாறாது. திரும்பும் சீட்டில் அச்சிட்டிருப்பது அந்த ஊர் நேரம். இன்னொன்று, அங்கே சூரியன் ஆறு மணியளவில் மறைந்துவிடும். ஏழு மணிக்கு மேல் அந்தி பார்த்துப் பழகிய நாம், மாலை இன்னும் இருக்கிறது என்று நினைத்துச் சாவகாசமாகக் கிளம்பினால் மணலை இருட்டில்தான் பார்ப்போம்.

ஆகவே முதல் நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம். மதியம் தஞ்சோங் பினாங் இறங்கியதும் அறையில் பையை வைத்துவிட்டு, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்திருங்கள். அதைத் தவிர்க்காதீர்கள், வந்தது அதற்குத்தானே. பிறகு வண்டி. பூசுங் சாலை வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம். விடுதியிலேயே சொல்லி, ஓட்டுநரோடு பெரிய வண்டி ஒன்றை நாள் வாடகைக்கு எடுப்பதுதான் பெண்களுக்கு நல்லது. வண்டி உங்களுக்காக வெளியே காத்திருக்கும், இருட்டில் சாலையோரம் நின்று வண்டி தேட வேண்டியதில்லை. விலையை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். ஆறு பேர் கொண்ட குழு என்றால் ஒரே வண்டியில் அடங்கும், அறையும் இரண்டிரண்டு பேராகப் பிரியும். பத்துப் பேர் என்றால் இரண்டு வண்டி, இரண்டு முடிவு, காத்திருப்பு என்று ஓய்வு கரைந்துபோகும்.

மணலுக்கு மாலை நான்கு, நான்கரைக்குப் போய்ச் சேருங்கள். அடைக்கும் நேரத்தை ஓட்டுநரிடம் முன்பே கேட்டு வையுங்கள். நண்பகலில் போகவே வேண்டாம். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் இடம் அது. உச்சி வெயிலில் வெறும் மணல் கால் பொறுக்காத அளவுக்குச் சுடும், வெளிறிய மணலிலிருந்து வெளிச்சம் திருப்பி அடித்து முகவாய்க்கு அடியில்கூடத் தோல் கறுக்கும். நான்கரைக்கு மேல் அந்த வெளிச்சம் சாய்ந்து, ஓடைகள் ஒவ்வொன்றும் நிழல் கோடாகத் தெரியத் தொடங்கும். படம் நன்றாக வருவதும் அப்போதுதான்.

உடுப்பு: பருத்தியில் தளர்வான சுரிதார் போதும். சேலை கட்ட ஆசைப்பட்டால் கட்டுங்கள், மணலில் முந்தானை பறக்கும் படம் எல்லோருக்கும் வேண்டியிருக்கும். ஆனால் உள்ளே கால்சட்டை இருந்தால் மேட்டில் ஏறி இறங்கச் சிரமம் இராது. காலில் பின்பட்டை உள்ள செருப்பு. வழவழப்பான அடிப்பாகம் வழுக்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. சர்க்கரை நோய் உள்ளவர் கையோடு மிட்டாயும் மாத்திரையும் வைத்திருக்க வேண்டும், அது பையில் எங்கே என்று பக்கத்திலிருப்பவருக்கும் தெரிய வேண்டும். தலைசுற்றல், குமட்டல், வேர்வை நின்று தோல் காய்வது என்று யாருக்காவது தோன்றினால் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு நிழலுக்குக் கூட்டிப் போங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். குழறிப் பேசினாலோ தெளிவில்லாமல் இருந்தாலோ நேரே மருத்துவமனைதான். மாதவிடாய் நாள் வருகிறது என்றால் அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், மாத்திரை போட்டு நாளைத் தள்ளவும் வேண்டாம். வேண்டியதை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு, மணலுக்குப் போகுமுன் விடுதிக் கழிவறையைப் பயன்படுத்திவிட்டுக் கிளம்பினால் போதும்.

நீலக்குளத்தில் இறங்கக் கூடாது. இப்படிப்பட்ட சுரங்கக் குளங்களில் நீருக்கு அந்த நிறத்தைத் தருவது, அதில் கரைந்தும் மிதந்தும் கிடக்கும் தாதுக்களும் நுண்துகள்களும். கரை சரிவாக இறங்காமல் சட்டென்று ஆழமாகும். அன்றைய மழையைப் பொறுத்து நிறமும் மாறும். படத்தில் பார்த்த நீலம் அன்று இல்லை என்று மனம் வாட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பயணங்கள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். யாரோ ஒரு அக்கா விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஆறு பேருக்கும் எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வருவார். அன்பினால்தான் செய்கிறார். ஆனால் ஃபெரியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அதை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். காலையில் ரொட்டி சானாய் கடையில் நிறுத்திச் சாப்பிடலாம். தஞ்சோங் பினாங்கில் நாசி பாடாங் கடைகள் ஏராளம். மீன், முட்டை, மரவள்ளிக்கீரை என்று தட்டுத்தட்டாக முன்னால் வைப்பார்கள், தொட்டதற்கு மட்டும் காசு. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ரெண்டாங்கைத் தொடாதீர்கள், பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்வது. அங்கே மாட்டைச் சாப்பி என்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தெம்பே, தவ்ஹூ, கடலைச் சட்னி ஊற்றிய காடோ காடோ உண்டு. ஆனால் சம்பலில் பெலாச்சான் இருக்கும், கேட்டு வாங்குங்கள். கடல் உணவு பிடித்தவர்கள் கொங்கொங் என்ற கடல் நத்தையை அவித்து மிளகாய்ச் சாற்றில் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். அந்த ஊரின் பெயர் சொன்னாலே நினைவுக்கு வரும் பண்டம் அது.

பணத்துக்கு எளிய வழி ஒன்று. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து ஆளுக்கு மாதம் ஒரு தொகை ஒருவர் கணக்கில் போட்டு வாருங்கள். கூட்டு பிடிப்பது நமக்குப் பழக்கம்தான், ஆனால் அதைத் தொழிலாக நடத்துவதை மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஏலமோ முறையோ வேண்டாம், வெறும் சேமிப்பு போதும். ஃபெரி, அறை, வண்டி எல்லாம் அந்தப் பொதுப் பணத்தில். வாங்கும் பொருளுக்கு அவரவர் காசு. ஒரு ரிங்கிட்டுக்கு ஆயிரக்கணக்கில் ரூபியா வரும், சைபர்களைப் பார்த்து மிரள வேண்டாம். சிறிய நோட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுபவர் ஒருவர், வண்டி பேசுபவர் ஒருவர், மருந்துப் பைக்கு ஒருவர் என்று பிரித்துவிட்டால், எப்போதும் எல்லாவற்றையும் சுமக்கும் அந்த ஒருத்திக்கும் இது விடுமுறையாக இருக்கும். எல்லாக் குழுவிலும் அப்படி ஒருத்தி இருக்கிறார். அவரைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரவு தஞ்சோங் பினாங்கிலேயே தங்குவதுதான் இரண்டு நாள் பயணத்துக்குப் பொருந்தும். வடக்கே லாகோய் பகுதியில் பெரிய கடற்கரை விடுதிகள் உண்டு. அவை பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து நேரே வருகிறவர்களுக்கானவை, செலவும் அதற்கேற்ப. கிழக்கே திரிக்கோரா கடற்கரை அமைதியானது. திங்கட்கிழமையும் பொது விடுமுறை சேர்ந்துவந்தால் அங்கே ஓர் இரவு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை அவசரப்படாமல் எழுந்து, பெஞெங்காட் தீவுக்குப் போகலாம். தஞ்சோங் பினாங் படகுத்துறையிலிருந்து பொம்போங் என்ற சிறு படகில் கால்மணி நேரம். சுல்தான் மூன்றாம் மஹ்மூட் ஷா, ராஜா ஹமிடா என்ற எங்கு புத்திரிக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்த தீவு இது. அந்தக் காலத்தில் நம் ஜொகூரும் இந்த ரியாவ் தீவுகளும் ஒரே அரசு. 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஒப்பந்தம் போட்டுப் பிரித்தார்கள். சுல்தான் இறந்தபின் முடிசூட்டும் அரச சின்னங்கள் எங்கு புத்திரியிடமே இருந்தன. அவை இல்லாமல் யாரும் முறையாகச் சுல்தான் ஆக முடியாது. கொடுக்கமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். 1822இல் டச்சுக்காரர்கள் வலுக்கட்டாயமாக எடுத்துப் போகும்வரை அவர் கையிலிருந்து அவை நகரவில்லை. அவருடைய கல்லறை இந்தத் தீவில் இருக்கிறது. மஞ்சள் நிறப் பள்ளிவாசல் ஒன்றும் உண்டு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சாந்தில் கட்டியது என்று சொல்வார்கள். தோளும் காலும் மறைய உடுத்திப் போங்கள். தீவு சிறியது, பக்கத்தில் வண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் ஏறினால் நடக்காமலே சுற்றிவிடலாம், முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் வசதி. இரண்டு மணி நேரம் போதும். நண்பகலுக்குள் திரும்பிவிட்டால் சாப்பிட்டு, ஃபெரி நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகத் துறைமுகத்தில் இருக்கலாம்.

கடப்பிதழ் இல்லாதவர்கள், கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள், கைக்குழந்தைக்காரிகள் மலாக்கா கிளேபாங் பக்கம் பார்க்கலாம். கடலைத் தூர்த்த இடத்தில் உண்டான மணல்வெளி அது. கலியாண ஜோடிகள் படம் எடுக்க வருவார்கள். சிம்பாங் ரெங்கத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தூர்த்த நிலத்தில் எப்போது கட்டடம் எழும்பும் என்று சொல்ல முடியாது, எனவே கிளம்பும் முன் மலாக்காவில் தெரிந்தவர் யாரிடமாவது மணல் இன்னும் திறந்து கிடக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே பொழுது சாய்வது ஏழு மணிக்கு மேல். ஆறு மணிக்குப் போனால் போதும். அருகிலேயே பெயர்பெற்ற இளநீர் ஷேக் கடை இருக்கிறது, வார இறுதியில் வரிசை நீளும். மணலுக்குப் போகுமுன் குடித்துவிடுங்கள். ஓர் இரவு மலாக்காவில் தங்கி, மறுநாள் காலை மெதுவாகக் கிளம்பினால் ஆயர் ஹீத்தாமில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தி, மாலைக்குள் வீடு வந்து சேரலாம்.